அண்ணனுக்கு மட்டும்தானா?

எங்கள் கடைவரிசையில் என்னுடையது மூக்குக்கண்ணாடிக் கடை. சுவருக்கு அந்தப் பக்கம் மாஸ்டருடைய சலூன். நான் மட்டுமில்லை, தெருவே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். என் தலையில் இப்போது வெட்டுவதற்குப் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. காதோரம் கொஞ்சம், பிடரியில் கொஞ்சம். ஆனாலும் மாதம் தவறாமல் போய் உட்காருவேன். பேச்சுத்துணைக்குப் போகிறேன் என்று சொன்னால் சிரிப்பார்கள். ஏனென்றால் மாஸ்டர் பேச மாட்டார்.

சலூன்காரர் என்றால் வாய் ஓயாது என்று ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. இவர் கல்லுளிமங்கன். "உம்", "தலையை இப்படி", "ஆச்சு." நாள் முழுக்க இதை வைத்தே ஓட்டிவிடுவார். பேசுவதெல்லாம் நாங்கள். மாமியார் மருமகள் சண்டை, பையன் பரீட்சையில் கோட்டை விட்டது, மேலதிகாரியின் அட்டகாசம், எல்லாவற்றையும் அந்த நாற்காலியில் கொட்டிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போவோம். அவரிடம் திருப்பி யாரும் எதுவும் கேட்டதில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றியதும் இல்லை. கண்ணாடியில் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசுகிறவர்களுக்குப் பின்னால் நிற்கிற ஆளின் நினைப்பு எங்கே வரும்?

அவருக்கு ஒரு அண்ணன். அவர் நேர்மாறு. தம்பிக்கும் சேர்த்துப் பேசுகிற ஆள். அவரும் அதே தொழில்தான், இதே சலூன்தான். கல்யாணமான பிறகு மனைவி வழி உறவுக்காரர் ஒருவரைப் பிடித்து வெளிநாடு போய்விட்டார். அங்கே ஏதோ சரக்குக் கிடங்கில் வேலை. கத்தரியை அதோடு விட்டுவிட்டார். ஆனால் விடுமுறைக்கு வந்தால் பெட்டியை வீட்டு வாசலில் போட்டுவிட்டு நேரே சலூனுக்குத்தான் வருவார். நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, "ஆரம்பிடா" என்பார். நுரைக்குள்ளிருந்தே அரசியல் பேசுவார். "வாய மூடுண்ணே, வெட்டிக்கப் போவுது" என்று மாஸ்டர் சொல்வார். அவர் முழு வாக்கியமாகப் பேசி நான் கேட்டதெல்லாம் அப்போதுதான்.

அந்தக் குடும்பத்தில் ஒரு பழக்கம். அவர்களுடைய அப்பா மகன்களுக்குத் தொழில் பழக்கியது ஒருவன் முகத்தில் இன்னொருவனை விட்டுத்தான். மீசை அரும்பாத வயதிலேயே நுரையைப் பூசி, கத்தியின் மழுங்கிய பக்கத்தால் இழுக்கச் சொல்வாராம். அப்படியே வளர்ந்தவர்கள், கடையைத் திறந்ததும் முதல் வேலையாக ஒருவருக்கொருவர் சவரம் செய்துகொண்டுதான் வாடிக்கைக்காரர்களைக் கூப்பிடுவார்கள். வெளிநாடு போன பிறகு அண்ணன் அங்கே தனக்குத்தானே செய்துகொண்டார். இன்னொரு ஆள் கையில் முகத்தைக் கொடுத்ததே இல்லை. எனக்கு இது வீண் ராங்கியாகத்தான் பட்டது. ஒருநாள் சொல்லியும் விட்டேன். மாஸ்டர் "உம்" என்றார்.

அந்த அண்ணனுக்கு இதயம் கெட்டுப்போனது. முதலில் மூச்சு வாங்கியது, பிறகு கால் வீங்கியது, பிறகு ஆஸ்பத்திரியில் கட்டிலோடு கட்டிலாக. விமானத்தில் ஏற்ற முடியாது என்று டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். அண்ணி போனில் மாஸ்டரிடம் ஒளிக்காமல் சொன்னார்: "பார்க்கணும்னா சீக்கிரம் வந்துடுங்க தம்பி." பிறகு போன் அண்ணன் கைக்குப் போனது. திரையில் அவர் முகத்தை நானும் எட்டிப் பார்த்தேன். கை நடுங்குவதால் சவரம் நின்றுபோய், கன்னமெல்லாம் வெள்ளை முள். நர்ஸ் மிஷினோடு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாராம். "வரும்போது நம்ம பெட்டிய எடுத்துட்டு வாடா. இங்க யாரையும் தொட விடல நான்," என்றார். "என் பக்கத்துக் கட்டில்காரங்க எல்லாம் காட்டு மனுஷங்களா கிடக்கிறாங்க. என் தம்பி வருவான், எல்லாருக்கும் பண்ணிவிடுவான்னு சொல்லி வச்சிருக்கேன்." மாஸ்டர் "சரிண்ணே" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

விசா விஷயத்துக்கு நானும் கூடவே போனேன். தெருக்கோடியில் ஆன்லைன் சென்டர். அதில் ஒரு பெண், கெட்டிக்காரி, கீபோர்டைப் பார்க்காமலே தட்டுவாள். இப்போதெல்லாம் விசாவுக்குத் தூதரக வாசலில் கால்கடுக்க நிற்கவேண்டாம், எல்லாம் கணினியிலேயே முடிந்துவிடும் என்பதை மாஸ்டர் நம்பவே இல்லை. பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்தாள். வெள்ளைத் திரையை இழுத்துவிட்டுப் போட்டோ எடுத்தாள். சிரிக்கக்கூடாது என்று மாஸ்டரிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அண்ணி அனுப்பிய அழைப்புக் கடிதத்தையும் ஏற்றினாள். தொழில் என்ற இடம் வந்ததும் நிறுத்தினாள்.

"சொந்தத் தொழில், வியாபாரம்னு போட்டுடலாமா மாஸ்டர்? சலூன்னு போட்டா, அங்க போய் வேலைக்கு உக்காந்துடுவீங்களோன்னு சந்தேகப்படுவாங்க."

"நான் என்னத்த வியாபாரம் பண்றேன்?" என்றார் மாஸ்டர். "முடி வெட்டுறேன். அதையே போடும்மா."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தோளைக் குலுக்கினேன். உள்ளதை எழுதினால் என்ன கெட்டுவிடப் போகிறது என்று எனக்கும் அப்போது தோன்றியது. எழுதினாள். சுற்றுலா விசா, உறவினரைப் பார்க்க. அனுப்பிவிட்டு, "இனிமே காத்திருக்கிறதுதான்" என்றாள். காத்திருந்தோம். மாஸ்டர் கத்தியைத் தீட்டிக்கொண்டே அடிக்கடி செல்போனை எட்டிப் பார்ப்பார். மெயில் வந்ததும் சென்டருக்குப் போகாமல் என் கடைக்கு ஓடிவந்தார். "கெடச்சிடுச்சு கண்ணாடிக்காரரே!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். சலூன் என்று எழுதியும் கொடுத்துவிட்டார்களே என்று அவருக்குப் பெருமை. தெருவே அன்றைக்கு அவரிடம் கை குலுக்கியது.

அந்தப் பெண் மட்டும் காகிதத்தை அச்செடுத்துக் கொடுக்கும்போது சொன்னாள்: "மாஸ்டர், இது உள்ள விடுறதுக்கு உத்தரவாதம் இல்ல. அங்க இறங்கினதும் கவுண்ட்டர்ல ஒருத்தர் இருப்பார். கடைசி முடிவு அவருதுதான். எதுக்கு வந்தேன்னு கேட்டா அண்ணனைப் பார்க்க, அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாதீங்க."

நான் சிரித்துவிட்டேன். "இவர்கிட்டயா சொல்றே? இவர் வாயிலிருந்து வார்த்தை வாங்க அவங்க மிஷின்தான் வைக்கணும்." மாஸ்டரும் லேசாகச் சிரித்தார். அவர் பேசாதவர் என்கிற நம்பிக்கையில் நாங்கள் எல்லோரும் நிம்மதியாக இருந்தோம்.

அவர் பெட்டி கட்டியதை நான் பார்த்தேன். உடுப்பு ஒரு ஓரமாகத்தான் இருந்தது. மீதியெல்லாம் தொழில். பெரிய கத்தரி, சின்னக் கத்தரி, இரண்டு மிஷின், மடக்குக் கத்தி, பிளேடு கட்டு, சீப்புகள், துவைத்து மடித்த போர்வைத் துணிகள், பிரஷ், படிகாரம். கையில் வைத்திருக்கும் பையில் கூர்மையானதை விடமாட்டார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு எல்லாவற்றையும் பெரிய பெட்டியில் பத்திரப்படுத்தினார். "இவ்வளவா?" என்றேன். "வார்டுல நாலஞ்சு பேர் இருக்காங்களாம். ஒருத்தருக்குப் போட்ட துணிய இன்னொருத்தருக்குப் போடலாமா?" என்றார். சுத்தக்காரர். பெட்டியின் மூடியை நானும் அமுக்கிப் பிடித்தேன்.

இனி நடந்ததை நான் பார்க்கவில்லை. மாஸ்டர் பிறகு பல மாதங்களில், என் பிடரியில் கத்தரி ஓடிக்கொண்டிருக்கும்போது, கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னது. கோத்து வைத்தது நான்.

விமானம் இறங்கியதும் கூட்டத்தோடு கூட்டமாக நடந்து வரிசையில் நின்றிருக்கிறார். கவுண்ட்டரில் இருந்தவன் சின்ன வயசுக்காரன். பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். விரல்களைக் கண்ணாடியில் வைக்கச் சொன்னான். ஏதோ கேட்டான், இவருக்குப் புரியவில்லை. "பிரதர், ஹாஸ்பிடல்" என்றார். அவன் திரையைப் பார்த்தான், இவரைப் பார்த்தான், ஒரு சீட்டைக் கொடுத்து ஓரமாக இருந்த அறையைக் காட்டினான்.

அறையில் மேஜை, இரண்டு நாற்காலி, சுவரில் கடிகாரம், மூலையில் தண்ணீர்க் குடுவை. அங்கே வேறொரு அதிகாரி, நடுவயது, சிடுசிடுப்பு இல்லாத முகம். தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். மாஸ்டர் கையிலிருந்த பெட்டிச் சீட்டைப் பார்த்து, சாமான் எடுக்கும் இடத்துக்குப் போயிருந்த பெட்டியையும் கொண்டுவரச் செய்தார். மேஜை மேல் இருந்த போனில் எண்ணை அழுத்தி ஒலிபெருக்கியில் போட்டார். அதிலிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது. "வணக்கம் ஐயா. நான் மொழிபெயர்ப்பாளர். அவர் கேக்கிறத உங்களுக்குத் தமிழ்ல சொல்றேன். நீங்க சொல்றத அவர்கிட்ட சொல்றேன். பயப்படாம நிதானமா பேசுங்க."

"அந்தக் குரலைக் கேட்டதும் உசுரு வந்துச்சுங்க," என்றார் மாஸ்டர் என்னிடம். இங்கேதான் எல்லாம் கோணலாகிப் போனது. தெரியாத பாஷையில் கேட்டிருந்தால் மனுஷர் வழக்கம்போல "உம்" கொட்டிவிட்டு உட்கார்ந்திருப்பார். தாய்பாஷையில், மரியாதையாக, ஒன்றுவிடாமல் அக்கறையாகக் கேட்கிறார்கள். அவர் வாழ்க்கையில் யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. எத்தனையோ வருஷமாகக் கேட்டுக்கொண்டே நின்ற மனுஷன், முதல் தடவையாகப் பதில் சொல்ல உட்கார்ந்திருக்கிறார். திறந்துகொண்டார்.

"எதுக்கு வந்திருக்கீங்க ஐயா?"

"அண்ணனைப் பார்க்க. உடம்பு முடியல. ஆஸ்பத்திரில இருக்கார்."

"நீங்க என்ன வேலை செய்றீங்க?"

"சலூன் வச்சிருக்கேன்மா. முடி வெட்டுறது, ஷேவிங்."

அதிகாரி பெட்டியைத் திறந்தார். ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தார். கத்தரிகள், மிஷின்கள், துணிகள். மாஸ்டருக்கு அவர் வைத்த ஒழுங்கு பிடித்திருந்ததாம். அதைக்கூட என்னிடம் சொன்னார், பாவம்.

"இதெல்லாம் எதுக்குக் கொண்டு வந்தீங்கன்னு கேக்கிறார்."

"அண்ணனுக்கு ஷேவிங் பண்ண. அவர் வேற யாரையும் தொட விடமாட்டார். முகமெல்லாம் வளர்ந்து கிடக்கு."

"அண்ணனுக்கு மட்டும்தானா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அதற்கு மேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. தெருக்கோடிப் பெண் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியதும் அதைத்தான். இவருக்கோ, போனில் அந்தப் பெண் குரல் கேட்கும்போது பொய் சொல்ல மனம் வரவில்லை. அதைவிட, அண்ணன் வாக்குக் கொடுத்துவிட்டாரே. "இல்லம்மா. அந்த வார்டுல இன்னும் நாலஞ்சு பேர் இருக்காங்க. அவங்களுக்கும் பண்ணி விடணும். அண்ணன் சொல்லி வச்சிருக்கார், அவங்க காத்திருப்பாங்க."

அந்தப் பெண், "அவங்களுக்குமா ஐயா?" என்று ஒருமுறை கேட்டுக்கொண்டாளாம். பிறகுதான் அதிகாரியிடம் சொன்னாள். அதிகாரி எதையோ எழுதினார். மறுபடி கேட்டார்.

"அவங்ககிட்ட காசு வாங்குவீங்களான்னு கேக்கிறார் ஐயா."

"கேக்கமாட்டேன். அவங்களா குடுத்தா வாங்கிக்குவேன்."

இதை அவர் சொன்னபோது நான் நாற்காலியில் திரும்பிவிட்டேன். கத்தரி காதில் பட்டிருக்கும். "ஏன்யா அப்படிச் சொன்னீங்க? வேண்டாம், வாங்கமாட்டேன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?" என்று கத்தினேன். அவர் என் தலையைப் பிடித்து நேராக வைத்தார். அவர்கள் அப்பா காலத்திலிருந்து ஒரு வழக்கமாம். படுத்த படுக்கையாக இருக்கிறவருக்குச் சவரம் செய்யப் போனால் கூலி கேட்கக்கூடாது. ஆனால் அவராகக் கொடுத்தால் வேண்டாம் என்றும் சொல்லக்கூடாது. மறுத்தால், நீ இனிமேல் எழுந்திருக்கப் போவதில்லை, உன்னிடம் எதற்குக் காசு என்று அவன் முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி ஆகிவிடும். அதனால் ஒரு நாணயமானாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். இதை எந்த அதிகாரிக்கு, எந்த மொழியில் விளக்குவது? மாஸ்டர் விளக்கவும் இல்லை. அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்றல்லவா அவர் நினைத்திருந்தார்.

சுற்றுலா விசாவில் வந்திருக்கிறார். தொழிலுக்கான கருவிகள் அத்தனையும் கூடவே. வாடிக்கைக்காரர்கள் காத்திருக்கிறார்கள். காசு கொடுத்தால் வாங்கிக்கொள்வார். இதற்கு மேல் அந்த அதிகாரிக்கு என்ன வேண்டும்? கொடியவனாக இருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். அவர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு அண்ணன் இருப்பது உண்மைதான் என்று உறுதிசெய்திருக்கிறார். மேலே யாரிடமோ கேட்டுவிட்டு வந்திருக்கிறார். முகம் வாடித்தான் வந்திருக்கிறார். விதி அப்படி, அனுமதிக்க முடியாது, அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்புகிறோம் என்று போனில் அந்தப் பெண் சொன்னாள். "மன்னிச்சிடுங்க ஐயா" என்றாளாம். அவள் என்ன செய்வாள்?

மாஸ்டர் எழுந்து நின்று கும்பிட்டார். "பெட்டிய நீங்களே வச்சுக்கங்க. ஒரே ஒரு கத்தி போதும். அதுவும் வேணாம், சும்மா பார்த்துட்டு வந்துடுறேன். கூட ஒரு போலீஸ வேணாலும் அனுப்புங்க." அது மொழிபெயர்க்கப்பட்டது. அதிகாரி தலையை ஆட்டினார். இல்லை என்பதற்கு எல்லா ஊரிலும் ஒரே ஆட்டல்தான்.

விமானம் வரும்வரை ஒரு கூடத்தில் உட்கார வைத்தார்கள். ஒரு போர்வை கொடுத்தார்கள், சாப்பாடு கொடுத்தார்கள், போனில் பேச அனுமதித்தார்கள். அண்ணி வெளி வாசலில், இவருக்காக ஒரு குளிர்கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். அவரிடம் நடந்ததைச் சொன்னார். அண்ணி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாராம். சற்று நேரத்தில் இவர் போனே அடித்தது. அண்ணன்.

"எறங்கிட்டியாடா?"

"எறங்கிட்டேண்ணே."

"பெட்டி வந்துடுச்சா? இங்க ஏர்போர்ட்ல தொலைச்சுப்புடுவானுங்க."

"வந்துடுச்சுண்ணே. பக்கத்துலதான் இருக்கு."

"அப்புறம் என்ன இவ்வளவு நேரம்?"

"வரிசை பெருசா இருக்குண்ணே. முடிஞ்சதும் வந்துடுறேன்."

"வா, வா. இங்க ஒருத்தன் இப்பவே சட்டைய கழட்டிட்டு உக்காந்திருக்கான்," என்று அண்ணன் சிரித்தார். சிரித்தால் அவருக்கு மூச்சு வாங்கும். அந்த மூச்சு வாங்குவதைக் கேட்டுக்கொண்டே மாஸ்டர் போனைக் காதில் வைத்தபடி இருந்திருக்கிறார். ஆஸ்பத்திரி அங்கிருந்து காரில் கொஞ்ச தூரம்தானாம். அவ்வளவு பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்தார் எங்கள் மாஸ்டர்.

திரும்பி வந்த மறுநாளே கடையைத் திறந்துவிட்டார். தெரு துக்கம் விசாரித்தது. சிலர் புத்தி சொன்னார்கள். வியாபாரம் என்று போட்டிருக்க வேண்டும், பெட்டியைக் கொண்டுபோயிருக்கக் கூடாது, வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். நடந்து முடிந்த பிறகு எல்லோரும் வக்கீல்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒருவனைக் கடையை விட்டு இறங்கச் சொல்லிவிட்டேன். மாஸ்டர் எல்லாவற்றுக்கும் "உம்" என்றார்.

மறுபடி சென்டருக்குப் போனோம். அந்தப் பெண் படிவத்தைத் திறந்ததுமே உதட்டைக் கடித்துக்கொண்டாள். எந்த நாட்டிலாவது நுழைவு மறுக்கப்பட்டதா என்று ஒரு கேள்வி. ஆமாம் என்றுதான் போட்டாக வேண்டும், பொய் சொன்னால் உடனே தெரிந்துவிடும். போட்டாள். விளக்கமாக ஒரு கடிதம் எழுதினாள், ஆஸ்பத்திரிச் சான்றிதழ் சேர்த்தாள், அவளால் ஆனதையெல்லாம் செய்தாள். இந்தத் தடவை பதில் சீக்கிரமே வந்தது. ஒரே பத்தி, மறுப்பு.

அண்ணனிடம் அண்ணி உண்மையைச் சொல்லிவிட்டிருந்தார். அவர் கோபப்படவில்லை. தினமும் போனில் முகத்தைக் காட்டுவார். தாடி மார்புவரை இறங்கவில்லை என்றாலும் ஆள் அடையாளம் மாறிக்கொண்டே வந்தது. நர்ஸ் வந்தால் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாராம். "பண்ணிக்கோண்ணே, அரிக்குமில்ல," என்று மாஸ்டர் கெஞ்சுவார். நான் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். "அரிக்கட்டும்டா. நீ வா," என்பார் அவர். கடைசி வாரங்களில் அதையும் சொல்ல மூச்சு போதவில்லை. கையை மட்டும் கன்னத்தில் வைத்துக் காட்டுவார்.

ஒரு காலையில் அண்ணி கூப்பிட்டார். முடிந்துவிட்டது.

அந்த ஊரில் இறந்தவரைத் தயார்செய்வதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்களாம். குளிப்பாட்டி, உடுத்தி, பெட்டியில் கிடத்தி, கூடத்தில் வைப்பார்கள். அடக்கத்தன்று அதை அண்ணி போனில் காட்டினார். மாஸ்டர் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, நான் உட்காரும் நாற்காலியிலேயே உட்கார்ந்து பார்த்தார். அவர் மனைவி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். படம் ஆடியது, யார் யாருடைய முதுகோ தெரிந்தது, பிறகு அண்ணன் முகத்துக்கு அருகே வந்து நின்றது.

சுத்தமான சவரம். தாடி இல்லை, முள் இல்லை. மீசையைப் பழையபடி ஒதுக்கி விட்டிருந்தார்கள். முடியைப் படிய வாரியிருந்தார்கள். பழைய அண்ணன் அப்படியே தூங்குவது போலிருந்தது. மாஸ்டரின் மனைவி வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டார். மாஸ்டர் அழவில்லை. திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். இரண்டு விரலால் பெரிதாக்கினார். தாடைக்கு அடியில் பார்த்தார், காதோரம் பார்த்தார், மூக்குக்குக் கீழே பள்ளத்தில் பார்த்தார், "அண்ணி, அந்தப் பக்கம் காட்டுங்க" என்றார். காட்டினார். அங்கேயும் பார்த்தார். சவரக்காரனின் பார்வை, எனக்குத் தெரியும். புது ஆள் செய்த வேலையை அப்படித்தான் சோதிப்பார்.

பிறகு போனை மடியில் வைத்தார்.

"ஒரு குறை இல்லீங்க," என்றார் என்னிடம். "எங்கயாவது ஒரு முடி விட்டிருப்பான், ஒரு கீறல் போட்டிருப்பான்னு தேடித் தேடிப் பார்த்தேன். ஒண்ணுமே இல்ல. நான் பண்ணியிருந்தாக்கூட இவ்வளவு நல்லா வந்திருக்காது."

அதற்கப்புறம்தான் அழுதார்.